புழுக்குழியா, வெடிக்குழியா?

ஏற்காடு மலைப்பாதையில் பாறை வெட்டிய இடத்தைப் படம் எடுத்து, "இது அந்தக் காலப் புழு குடைந்த வளைதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நேராக, ஒரே அகலத்தில், மேலிருந்து கீழே இறங்கும் பள்ளம். அது வெடி வைக்கத் துளைத்த குழியின் பாதி.

துளையைப் பார்த்துவிட்டுப் பாறையை மறந்துவிடுகிறோம். முதல் தவறு அதுதான். சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை. பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. அப்போது குடைவதற்கு விலங்கே கிடையாது. சேலம் மேக்னசைட் சுரங்கப் பக்கம் வேர்போலக் கிளைத்து ஓடும் வெள்ளைக் கோடுகளும் வளை அல்ல. பாறை வெடிப்புகளில் படிந்த கனிமம்.

சரி, நிஜமான வளையைப் பார்க்க ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர்ப் பக்கம் போங்கள். அங்கிருந்து அரியலூர் வரை, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் கடலின் படிவுகள் கிடக்கின்றன. அங்கேயும் வெறும் துளையைத் தேடாதீர்கள். பழைய வளை பெரும்பாலும் மண் அடைந்து இறுகியிருக்கும். காலியாக இருந்தால் கறையானோ வேரோ போன வழியாக இருக்கலாம்.

வளையைப் பார்த்ததும் விலங்கின் பெயரைச் சொல்வதும் தவறு. வளை சொல்வது விலங்கு என்ன செய்தது என்பதை. ஆஃபியோமார்ஃபா என்ற வளையைத் தடவிப் பாருங்கள்: மக்காச்சோளக் கதிர்போல வெளிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள். இறால் வகை உயிரி ஒன்று மண்ணை உருட்டி உருட்டிச் சுவரில் பதித்திருக்கிறது. மணற்பாங்கான ஊரில் கிணற்றுக்கு உறை இறக்குவோமே, அதே காரணம்தான். சுவர் சரியும் அளவுக்கு அந்தக் கடலடி மணல் இளகிக் கிடந்தது. அதே மாதிரி உயிரி கெட்டியான களிமண்ணில் குடைந்தால் உறை தேவையில்லை. சுவர் வழவழப்பாக இருக்கும், அதற்குத் தலாசினாய்டிஸ் என்று வேறு பெயர். எனக்கு இது எப்போது பார்த்தாலும் வியப்புதான்.

அப்புறம், ஒற்றை வளையை வைத்துக் கடலின் ஆழத்தை அளக்காதீர்கள். ஸ்கோலித்தோஸ் என்ற செங்குத்து வளைகள் அலையடிக்கும் ஆழமற்ற மணலில் அதிகம். ஆனால் ஆழ்கடலுக்குச் சரிந்து போன மணலிலும் வரும். ஆக்சிஜன், இரை, நீரோட்டம், மண்ணின் கெட்டித்தன்மை எல்லாம் சேர்ந்துதான் வளையைத் தீர்மானிக்கின்றன. கூடவே இருக்கும் மற்ற வளைகளையும் சிப்பிகளையும் சேர்த்துப் பாருங்கள்.

உடைத்து எடுத்துவராதீர்கள். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அது நின்ற வளையா கிடந்த வளையா என்று பல நேரம் சொல்ல முடியாது. பேனாவின் முனை மேல்நோக்கி இருக்கும்படி பக்கத்தில் வைத்து, அடுக்கோடு சேர்த்துப் படம் எடுங்கள்.