வெளிநாட்டுத் திருப்பயணமும் சேவையும்: நம் பங்கு இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்ஸ் நாட்டின் லூர்து நகரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை மேசை துடைப்பது. நோயாளிகள் தங்கும் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், காலை உணவு முடிந்ததும் ரொட்டித் துகளைத் துடைத்து, கோப்பைகளை அடுக்கி, மதியத்துக்கு மறுபடியும் தட்டு வைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் நோயாளிகளை, மாதா காட்சி கொடுத்த குகையான கெபிக்குத் தள்ளிக்கொண்டு போகப்போகிறேன் என்று பங்கில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறியிருந்தேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வேலை செய்தேன். பக்கத்தில் கரண்டி துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் இருபது வருடமாக, விடுமுறைக்கு விடுமுறை, தன் கைக்காசில் வந்து இதே வேலையைச் செய்கிறார் என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. எதைத் தப்பாக நினைத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று அன்றைக்குப் புரிந்தது.

2027 ஆகஸ்ட் 3 முதல் 8 வரை தென்கொரியாவின் சியோலில், கத்தோலிக்க இளைஞர்கள் திருத்தந்தையோடு கூடும் உலக இளையோர் நாள் நடக்கப்போகிறது. அதற்குப் போகலாமா, அப்படியே லூர்துக்கோ ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் பள்ளிக்கோ சேவைக்குப் போகலாமா என்று எலத்தகிரிப் பக்கமிருந்தும் கோவிலூர்ப் பக்கமிருந்தும் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். நம் தருமபுரி மறைமாவட்டம் 1997-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே மறைமாவட்டம். வெளிநாடு போய் வந்து விவரம் சொல்ல நம் பங்குகளில் ஆட்கள் குறைவு. நானும் கூட வந்தவர்களும் பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முதல் தவறு, நாலு காரியத்தை ஒரே மூட்டையாகக் கட்டுவது. திருப்பயணம், சேவை, ஊர் சுற்றிப் பார்ப்பது, அப்படியே அங்கே ஒரு வேலை கிடைக்குமா என்று பார்ப்பது. முதல் மூன்றையும் ஓரளவு சேர்த்துக்கொள்ளலாம். நாலாவதைச் சேர்க்கவே கூடாது. இளையோர் நாளுக்கென்று விசா வாங்கிப் போய்க் குழுவை விட்டுக் காணாமல் போனவர்கள் பல நாடுகளிலும் உண்டு. அப்படி ஒருவர் போனால் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்த பங்குத்தந்தைக்குத் தலைகுனிவு. அடுத்த முறை அதே மறைமாவட்டத்திலிருந்து மனுப் போடுகிற பிள்ளைகளின் கடிதத்துக்கும் மதிப்பிருக்காது. வேலைக்குப் போக வேண்டுமென்றால் வேலை விசாவில் நேர்வழியில் போங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

"சம்பளம் வாங்காத சேவைதானே, டூரிஸ்ட் விசா போதும்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பிரிட்டனில் பார்வையாளர் விசாவில் வருபவர், பதிவு பெற்ற அறக்கட்டளையில் 30 நாள் வரை சேவை செய்யலாம். அதற்கு மேல் என்றால் தனி விசா வேண்டும். வேறு சில நாடுகளில் ஒரு நாள் சேவைக்கும் அனுமதி வேண்டியிருக்கும். உங்களை அழைக்கிற அமைப்பிடமே எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தக் கடிதத்தை மனுவோடு வையுங்கள். செய்யப்போவதை மறைத்து எழுதவே எழுதாதீர்கள்.

அடுத்தது பெயர். நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இதில்தான் அதிகம். திருமுழுக்குப் புத்தகத்தில் புனிதர் பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய பெயர் ஒன்று, ஆதாரில் இன்ஷியலோடு ஒன்று. 'சவரிமுத்து ஆரோக்கியதாஸ்' என்று ஞானஸ்நானம் பெற்றவர் மாற்றுச் சான்றிதழில் 'எஸ். தாஸ்' ஆகியிருப்பார். பாஸ்போர்ட்டில் இன்ஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவதா, காலியாக விடுவதா என்று அங்கே ஒரு குழப்பம் வரும். எதைப் போட்டாலும் சரி, விமான டிக்கெட், விசா மனு, இன்சூரன்ஸ், பங்குத்தந்தையின் கடிதம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒரு தங்கைக்குப் பங்குக் கடிதத்தில் திருமுழுக்குப் பெயரும் பாஸ்போர்ட்டில் பள்ளிப் பெயரும் இருந்தன. விசா மையத்தின் கவுன்டரில் அந்தப் பெண் வியர்த்துப்போய் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு பெயரும் ஒருவரே என்று பங்குத்தந்தை புதுக் கடிதம் கொடுத்து, அதற்காக ஊருக்கும் சென்னைக்கும் இன்னொரு முறை அலைந்தார்கள். பெயரைத் திருத்துவதானால் பயணம் உறுதியாவதற்கு ஒரு வருடம் முன்பே திருத்திவிடுங்கள்.

ஐரோப்பாவில் பல நாட்டுக்கும் செல்லும் ஒரே விசாவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே மனுப் போடலாம். பொதுவாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள் வரை இழுக்கவும் செய்யும். ஊரைவிட்டு ஏறுவதற்கு மூன்று வாரம் முன்னால் அப்பாயின்ட்மென்ட் தேடுவது பெரிய தவறு. கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் வேண்டும். பிரான்ஸின் லூர்து, போர்ச்சுகலின் பாத்திமா, இத்தாலியின் ரோம் மூன்றுக்கும் போவதென்றால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் மனுப் போட வேண்டும். எல்லாம் சம நாள் என்றால் முதலில் இறங்கும் நாடு. "இந்த நாட்டில் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கும்" என்று வேறெங்கோ போட்டுவிட்டு, தங்குவது இன்னோர் இடத்தில் என்றால் அது பொய் மனு. அப்புறம், ஓசூரிலிருந்து பெங்களூரு பக்கம்தானே என்று அங்கேயே மனுப் போடக் கிளம்பிவிடாதீர்கள். எந்த மாநிலத்தார் எந்த ஊரில் மனுப் போட வேண்டும் என்பதை அந்தந்த நாட்டின் தூதரகம்தான் வகுத்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

வங்கிக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பல மாந்தோப்பை நம்பி இருப்பவை. வருடத்தில் இரண்டு மாதம் பணம் வரும், மீதி மாதம் கணக்கு வறண்டு கிடக்கும். மனுப் போடுவதற்கு நாலு நாள் முன்னால் சொந்தக்காரரிடம் இரண்டு லட்சம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டால் பார்க்கிற அதிகாரிக்கு அது பளிச்சென்று தெரியும். அதைவிட உள்ளதை உள்ளபடி காட்டுவது நல்லது. அப்பாவின் சிட்டா, பட்டா, மண்டியில் மாங்காய் போட்ட ரசீது, மாதாமாதம் பால் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வரும் பணம். இவற்றை வைத்து, வருமானம் இப்படித்தான் வரும் என்று ஒரு பக்கத்தில் விளக்கி எழுதுங்கள். அம்மாவின் நகையை அடகு வைத்துப் போகாதீர்கள். வட்டி கட்டுகிற அம்மாவின் கண்ணீரை எந்த மாதாவும் காணிக்கையாகக் கேட்கவில்லை.

அரசு உதவித்தொகையை நம்பித் திட்டம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழக அரசின் சிறுபான்மையினர் நலத்துறை கிறிஸ்தவர்களுக்குத் தரும் மானியம் ஜெருசலேம் புனிதப் பயணத்துக்கானது. ஒருவருக்கு ரூ. 37,000, அருட்சகோதரிகளுக்கு ரூ. 60,000. அதுவும் போய் வந்த பிறகு விண்ணப்பித்துப் பெறுவது. லூர்துக்கோ சியோலுக்கோ அது பொருந்தாது. டிக்கெட் போட அந்தப் பணம் முன்கூட்டி வரும் என்று கணக்குப் போட்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஏஜென்ட் விஷயத்தில் பயமில்லாமல் இருப்பதும் தவறு. "மிஷன் சேவை, சாப்பாடு இலவசம், மாதம் கைச்செலவுக்குப் பணம்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், எந்தத் துறவற சபை, எந்த ஆயரின் மறைமாவட்டம் என்று கேளுங்கள். பதில் வந்தாலும் நம் பங்குத்தந்தை மூலம் அந்த ஊர் ஆயர் இல்லத்துக்கு நேராக எழுதி உறுதி செய்யுங்கள். உண்மையான சபை இந்த விசாரணையால் கோபப்படாது, சந்தோஷப்படும். பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைக்கிறோம்" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கென்யா, உகாண்டா போன்ற நாட்டுக்குச் சேவைக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறந்துவிடுகிறார்கள். அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டும்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. புறப்படுவதற்கு 10 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். மலேரியா மாத்திரை பற்றியும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பாவுக்குள் பால், இறைச்சிப் பொருள் கொண்டுபோக முடியாது. ஆகவே நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். மாம்பழமும் கூடாது, தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அனுமதிக்க மாட்டார்கள். நம் ஊர்ப் பெருமை என்று பெட்டியில் நாலு பழம் வைத்தால் விமான நிலையத்துக் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும்.

இனி சேவைக்கு வருகிறேன். என்னை இன்றைக்கும் உறுத்துவது இதுதான்.

லூர்தில் மாதா 1858-இல் பெர்னதெத் என்ற 14 வயதுச் சிறுமிக்குப் பதினெட்டு முறை காட்சி கொடுத்தார். நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியதும், அவர்களுக்குப் பணி செய்ய 1885-இல் ஒரு தொண்டர் அமைப்பு உருவானது. இன்றைக்கும் தொண்டர்கள் தங்கள் செலவில்தான் வருகிறார்கள். ரயில் நிலையத்தில் நோயாளிகளை இறக்குவது, நற்கருணைப் பவனிக்கு அழைத்துப் போவது, சாப்பாட்டுக் கூடம், படுக்கை விரிப்பது என்று எந்த வேலை கொடுக்கிறார்களோ அதைச் செய்வார்கள். எந்த வேலை என்று நாம் தேர்ந்தெடுப்பதில்லை.

நாலாம் நாள் எனக்கு நாற்காலி தள்ளும் வேலை கிடைத்தது. இத்தாலியிலிருந்து வந்த ஒரு பாட்டி. உற்சாகத்தில் பின்னாலிருந்து வேகமாகத் தள்ளிவிட்டேன். பாட்டி பயந்துபோய்க் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். எங்கள் குழுத் தலைவர் என்னை நிறுத்தி, நாற்காலிக்கு முன்னால் வந்து மண்டியிடச் சொன்னார். பாட்டியின் கண்ணுக்கு நேராக என் முகம் வந்த பிறகு, "இனிமேல் நகரும் முன் இப்படிக் கேள்" என்றார். எனக்கு இத்தாலி மொழி தெரியாது. கையைக் காட்டி, தலையை ஆட்டிக் கேட்டேன். பாட்டி சிரித்துவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார். அதன் பிறகு மெதுவாகத்தான் போனோம்.

சேவைக்குப் போகிறவர் செய்யும் மிகப் பெரிய தவறு, "நான் கொடுக்க வந்திருக்கிறேன்" என்ற நினைப்பு. அங்கே இருப்பவர்களுக்கு அந்த இடம் தெரியும், நமக்குத் தெரியாது. மிஷன் பள்ளியில் போய் முதல் நாளே "எங்கள் ஊரில் இப்படிச் செய்வோம்" என்று ஆரம்பித்தால் அங்கே பல வருடம் உழைக்கிற சிஸ்டருக்கு நாம் ஒரு கூடுதல் சுமை. குழந்தைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதும் அப்படித்தான். நம் வீட்டுப் பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவர் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டினால் விடுவோமா? இல்லத்தின் பொறுப்பாளர் சொல்லாமல் எந்த முகத்தையும் படம் எடுக்காதீர்கள்.

இங்கே செய்து பழகாத சேவை அங்கே வராது. புறப்படுவதற்கு முன் ஆறு மாதமாவது, ஞாயிறு பூசை முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போங்கள். ஒரு பெரியவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்கார வைப்பதற்கே ஒரு முறை இருக்கிறது. ஊட்டிவிடும்போது எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது செய்தால்தான் தெரியும். அந்த வாடையும் அந்த அலுப்பும் பழகினால்தான் வெளிநாட்டில் மூன்றாம் நாள் முகம் சுளிக்காது.

சியோலுக்குப் போகிறவர்கள் அந்த மண்ணின் விசுவாசக் கதையைத் தெரியாமல் போகாதீர்கள். கொரியாவில் திருச்சபையை ஆரம்பித்தவர்கள் பொதுநிலையினர், அதாவது குருக்களோ துறவிகளோ அல்லாத விசுவாசிகள். புத்தகம் படித்து நம்பிக்கை கொண்டார்கள். அவர்களில் ஒருவர் 1784-இல் பீஜிங்கில் ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பினார். முதல் கொரியக் குருவான புனித அந்திரேயா கிம் 1846-இல் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்து வேதசாட்சியாக இறந்தார். 1984-இல் 103 கொரிய வேதசாட்சிகளைப் புனிதர்களாக அறிவித்தார் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். இதைத் தெரிந்துகொண்டு போனால் கடைத்தெருவில் போகிற நேரத்தில் பாதியாவது வேதசாட்சிகளின் இடங்களுக்குப் போகும். ஆகஸ்டில் அங்கே புழுக்கமும் மழையும் சேர்ந்து இருக்கும். இளையோர் நாளின் கடைசி இரவு வெட்டவெளியில்தான் கண்விழிப்பு. வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர்களுக்கு அது கஷ்டமாக இருக்காது.

போகும் முன் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுப் போங்கள். அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தால் தமிழ் தெரிந்த குரு கிடைப்பது கடினம்.

கடைசியாக, திரும்பி வந்த பிறகு நான் செய்த தவறு ஒன்று. புறப்படும்போது எங்கள் அன்பியத்தில் (பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் சிறு குழு) பலர் செபக் கருத்துகளை எழுதிக் கொடுத்தார்கள். பாதிப் பேர் சீட்டோடு இருபதும் ஐம்பதும் சேர்த்துக் கையில் திணித்தார்கள். அத்தனையையும் கெபியில் பெயர் சொல்லி வாசித்தேன், அங்கிருந்த பெட்டியிலும் போட்டேன். ஊருக்கு வந்ததும் காய்ச்சல், வேலை என்று யாரிடமும் போகவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கோயில் வாசலில் ஓர் அம்மா நிறுத்தி, "என் பையன் பெயரை அங்கே சொன்னாயா, சாமி?" என்று கேட்டார். மகனுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த அம்மா. அந்த இரண்டு மாதமும் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறார். அன்று மாலையே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினேன். நீங்கள் வந்திறங்கிய முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். லூர்துத் தண்ணீர் பாட்டிலைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் வையுங்கள், பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். சின்னச் சின்னப் பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு, சீட்டுக் கொடுத்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "உங்கள் பெயரைச் சொன்னேன்" என்று சொல்லுங்கள்.