வேர்ட்பிரஸில் தமிழ்த் தளம்: பதிவின் முகவரி பாதியில் அறுபடாமல் இருக்க

அக்கா வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறார். விலைப்பட்டியலும் செய்முறைப் பதிவுகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டார். இரண்டுக்கும் வேர்ட்பிரஸ் போதும். இணையதளம் கட்ட உதவும், 2003-இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள் அது. செலவு டொமைனுக்கும், அதாவது தளத்தின் பெயருக்கும், ஹோஸ்டிங்குக்கும், அதாவது தளத்தை வைக்கும் வாடகை இடத்துக்கும்தான். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அதை வைத்து நடக்கும் சேவை. நான் சொல்வது வேர்ட்பிரஸ் டாட் ஆர்கில் கிடைக்கும் மென்பொருளைப் பற்றி.

1. நிறுவுவது

பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரு பொத்தானை அழுத்தினால் நிறுவி முடிந்துவிடும். ஆனாலும் முதல் முறை செய்பவர்கள் 'லோக்கல்' என்ற இலவச மென்பொருளைத் தங்கள் கணினியில் போட்டு, அதில் ஒரு தளம் கட்டிப் பழகுங்கள். எதைக் கெடுத்தாலும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

2. மொழி

செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்துக்குப் போய்த் தள மொழியைத் தமிழாக்குங்கள். தேதியில் மாதப் பெயர் தமிழில் வரும். அப்புறம் உங்கள் புரொஃபைலில் மட்டும் மொழியை ஆங்கிலமாக வையுங்கள். எனக்குத் தமிழ் மெனு பிடிக்கும்தான். ஆனால் ஏதாவது சிக்கல் என்று இணையத்தில் தேடினால் விடைகள் ஆங்கில மெனுப் பெயர்களோடுதான் கிடைக்கின்றன.

3. பெர்மாலிங்க்

பெர்மாலிங்க் என்றால் ஒவ்வொரு பதிவுக்கும் உரிய நிலையான முகவரி. நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான். செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்தில் 'போஸ்ட் நேம்' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். இனி பதிவின் தலைப்பே முகவரியாகும்.

'காரைக்குடி கைமுறுக்கு செய்முறை' என்று முதல் பதிவு போட்டேன். முகவரி 'காரைக்குடி-கைமுறுக்கு-செ' என்று நின்றது. அடுத்து 'காரைக்குடி கைமுறுக்கு செலவுக் கணக்கு'. அது 'காரைக்குடி-கைமுறுக்கு-ச-2' ஆனது. தளத்தின் தோற்றமான தீம் மாற்றினேன், கூடுதல் வசதி தரும் பிளகின்களை எல்லாம் நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை.

காரணம் தரவுத்தளத்தில் இருக்கிறது. முகவரியின் இந்தத் துண்டுக்கு, அதாவது ஸ்லக்குக்கு, 200 இடம்தான். தமிழ் எழுத்து அப்படியே அதில் சேமிக்கப்படுவதில்லை. சதவீதக் குறிகள் கலந்த குறியீடாக மாறித்தான் போகிறது. 'க' ஒன்றே 9 இடம் பிடிக்கும். 'கா' என்றால் துணைக்காலும் தனிக் கணக்கு, ஆக 18. புள்ளிக்கும் 9. 'காரைக்குடி' மட்டும் 90 இடம், 'கைமுறுக்கு' இன்னொரு 90, நடுவில் வரும் இரண்டு கோடுகளுக்கு 2. மூன்றாவது சொல்லில் 'செ' வந்ததும் 200 நிரம்பிவிட்டது. இரண்டாவது பதிவும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு முதல் பதிவின் முகவரியாகவே வந்ததால், '-2' சேர்க்க இடம் வேண்டும் என்று கொம்பையும் வெட்டிவிட்டது.

இதனால் தளம் உடையாது. ஆனால் வாட்ஸ்அப்பில் அந்த முகவரியை ஒட்டினால் நான்கைந்து வரிக்குக் குறியீடாக நீளும். வாங்க வருகிறவர்கள் அதைத் தொடவே தயங்குவார்கள்.

தீர்வு எளிது. பதிவை வெளியிடுவதற்கு முன்பே எடிட்டரின் வலப்பக்கப் பட்டையில் ஸ்லக் பெட்டியைத் திறந்து, கைமுறுக்கு என்பதை ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரியும் தமிழில்தான் வேண்டும் என்றால் இரண்டு சிறு சொற்களோடு நிறுத்துங்கள். வகைகளுக்கும் இதே 200 கணக்குதான்.

4. மற்றவை

வேர்ட்பிரஸோடு வரும் தீமே போதும். பக்கத்தை இழுத்து அடுக்கும் கனமான பிளகின்கள் வேண்டாம். மலிவான ஹோஸ்டிங்கில் தளம் நகராது. பேக்கப்புக்கு அப்டிராஃப்ட்பிளஸ் என்ற பிளகின் வைத்திருக்கிறேன். தளம் தயாரானதும் செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்தைப் பாருங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருக்கும் வரை கூகுளில் தளம் வருமென்று எதிர்பார்க்க முடியாது.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் பழைய முகவரிகளை மாற்றிய ஒருவர், விலைப்பட்டியல் திறக்கவில்லை என்று எழுதியிருந்தார். வெளியிட்ட பதிவின் ஸ்லக்கை மாற்றினால் பழைய முகவரிக்கு வருபவரை வேர்ட்பிரஸ் தானாகப் புதியதற்கு அனுப்பும். விலைப்பட்டியல், தொடர்பு போன்ற பக்கங்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. 'ரிடைரக்‌ஷன்' என்ற இலவச பிளகினைப் போட்டு, பழைய முகவரி, புதிய முகவரி இரண்டையும் நீங்களே எழுதிச் சேமிக்க வேண்டும்.