பழைய பிளேஸ்டேஷன் டிஸ்க்கை கம்ப்யூட்டரில் ஓட்ட

எமுலேட்டரை, அதாவது கம்ப்யூட்டரைப் பழைய கன்சோல்போல நடிக்க வைக்கும் மென்பொருளை, இறக்கிப் போட ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பிறகும் கேம் ஓட அடம்பிடித்தால், கோளாறு பெரும்பாலும் நாம் கொடுத்த ஃபைலில்தான் இருக்கும். 1994-ல் ஜப்பானில் வந்த முதல் பிளேஸ்டேஷனையே எடுத்துக்கொள்வோம். விண்டோஸில் அதற்கு டக்ஸ்டேஷன் என்ற எமுலேட்டர் நல்ல தேர்வு.

இறக்கிய டக்ஸ்டேஷன் ஜிப்பைத் தனி ஃபோல்டரில் பிரித்து வையுங்கள். ஜிப்புக்குள்ளிருந்தே திறந்தால் வேலைக்காகாது. ஆங்கிலச் சின்ன எழுத்தில் 'போர்ட்டபிள்' என்று பெயரிட்ட வெற்று டெக்ஸ்ட் ஃபைலையும் அங்கேயே போட்டால் செட்டிங், மெமரி கார்டு எல்லாம் அதே ஃபோல்டரில் தங்கும்.

அடுத்தது பயாஸ். கன்சோலைத் துவக்கும் மென்பொருள் இருக்கும் சிப்பின் நகல் இது, சரியாக 512 கேபி. அமெரிக்க கேமுக்கு 5501, ஜப்பானுக்கு 5500, ஐரோப்பாவுக்கு 5502 மாடலின் பயாஸ் பொருந்தும். எமுலேட்டர் எழுதுவதில் தப்பில்லை என்று எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மேல் சோனி போட்ட வழக்கில் 2000-லேயே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பயாஸ் சோனியின் சொத்து. சொந்தக் கன்சோலிலிருந்து எடுப்பதே முறை.

டிஸ்க்கை இம்ஜ்பர்ன் என்ற மென்பொருள் கொண்டு நகலெடுக்கலாம். அடிப்பக்கம் கறுப்பாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம், சாதாரண டிரைவே படிக்கும். பின் (.bin), கியூ (.cue) என இரண்டு ஃபைல் கிடைக்கும்: பின்னில் டிஸ்க்கின் தரவு, கியூவில் அதன் டிராக் விவரம். ஐஎஸ்ஓ (.iso) என்ற ஒற்றை ஃபைலாக எடுக்காதீர்கள்: டிஸ்க்கில் ஒரு செக்டர், அதாவது தரவின் ஒரு துண்டு, 2352 பைட், ஐஎஸ்ஓ அதில் 2048-ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். ஆடியோ டிராக்குக்கு அதில் இடமே இல்லை, அதில் இசை வைத்த கேம் அந்த இசை இல்லாமல் ஓடும்.

கியூவை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரியில் மேற்கோள்குறிக்குள் பின் ஃபைலின் பெயர் இருக்கும். பின்னை மட்டும் ரீநேம் செய்தால் கியூ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். கூடுதலாக ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் இதே கதிதான். கேமைத் திறக்கும்போது கியூவைத் தேர்ந்தெடுங்கள்.

மெனு வரை வந்து, எந்த பட்டனை அமுக்கினாலும் அசையவில்லையா? கன்ட்ரோலர் வகையை டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். அனலாக் குச்சிகள் கொண்ட டூயல்ஷாக் கன்ட்ரோலர் வந்ததே 1997-ல்தான். அதற்கு முந்தைய கேம்கள் பலவற்றுக்கு அனலாக் என்றால் என்னவென்றே தெரியாது.

படத்துக்கு, 1080 திரையில் ரெசல்யூஷனை 5 மடங்கு வையுங்கள். ஓடும்போது சுவரும் தரையும் நெளிவது அந்தக் கன்சோலின் பிறவிக் குணம். படத்தின் முக்கோணங்களுடைய முனைகளின் இடத்தை முழு எண்ணாகவே கணக்கிட்டதால் வந்த வினை அது. அந்த இடத்தைத் துல்லியமாகக் கணக்கிடும் பிஜிஎக்ஸ்பி (PGXP) செட்டிங்கை ஆன் செய்தால் பெருமளவு அடங்கும். சில கேமில் அதுவே படத்தைக் கிழிக்கும், அங்கே மட்டும் அணைத்துவிடுங்கள்.

எஃப்2 அமுக்கினால் ஸ்டேட் சேவ், அதாவது ஆட்டம் அந்த நொடியில் இருக்கும் நிலையே பதிவாகும்; எஃப்1 அமுக்கினால் அது லோட் ஆகும். விரல் தவறினால் ஒரு மணி நேர ஆட்டம் காலி. எமுலேட்டரை அப்டேட் செய்தால் பழைய ஸ்டேட் திறக்காமலும் போகலாம். அதனால் கேமுக்குள்ளேயே மெமரி கார்டிலும் சேவ் செய்யுங்கள். ஒரு கார்டில் 15 பிளாக்தான். கேமுக்கு ஒரு கார்டு என்று செட்டிங்கில் பிரித்துவிட்டால் இடத்துக்கு அடிதடி இருக்காது.