பிரிட்ஜ் சத்தம்: எதை விடலாம், எதைக் கவனிக்கவேணும்?

குளுகுளு என்று தண்ணீர் ஓடுவதுபோல் கேட்டால் பயமில்லை; குழாய்க்குள் குளிரூட்டும் திரவம் ஓடுகிறது. இடையிடையே வரும் 'டிக்' சத்தம், உள் பிளாஸ்டிக் விரிந்து சுருங்குவது. பனி கட்டாத வகைகளில் கேட்கும் 'ஸ்ஸ்', உருகிய துளி ஹீற்றரில் விழுவது.

கவனிக்கவேண்டியது இதுதான்: 'கிளிக்', சில விநாடி உறுமல், திரும்பவும் 'கிளிக்', பிறகு அமைதி. சில நிமிடத்தில் அதே கூத்து. கொம்பிரசர், அதாவது குளிரூட்டும் வாயுவை அழுத்தும் மோட்டார், தொடங்க முடியாமல் திணறுகிறது. முதலில் வோல்டேஜைப் பாருங்கள்; 230 இருக்கவேண்டிய இடத்தில் இரவு நேரத்தில் நன்றாக இறங்கியிருக்கலாம். அது சரியென்றால் அடுத்த சந்தேகம் ஸ்ராட்டிங் ரிலே, கொம்பிரசரைத் தொடக்கிவிடும் சின்னப் பாகம். விலை குறைந்த சாமான். "கொம்பிரசர் போச்சு" என்றவுடன் காசை எடுக்காமல், ரிலேயை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கறண்ட் போய் வந்தால் 5 நிமிடம் விட்டே சுவிச்சைப் போடுங்கள். குழாயில் அழுத்தம் சமப்பட அந்த நேரம் வேணும்.

கடகட அதிர்வுக்குக் கால் திருகையும் பின்னாலுள்ள தண்ணீர்த் தட்டையும் சரிபாருங்கள். சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள்.

உள் விசிறி எதிலோ உரசுகிறதா? பனி கட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து ஒருநாள் விடுங்கள். கத்தியால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகி வாயு போய்விடும்.

பருத்தித்துறை, காங்கேசன்துறைக் கரையோர வீடுகளில் உப்புக்காற்று பின்பக்கக் கம்பிவலையைத் துருவாக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள், தண்ணீர் ஊற்றவேண்டாம்.