ஹைபிரிட் காரில் கருகல் வாடை அடித்தால்

கடலூர் சில்வர் பீச்சிலிருந்து திரும்பும்போது, பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் எங்கள் ஹைபிரிட் காரில் பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓரங்கட்டி அணைத்துவிட்டு எல்லோரும் இறங்கிவிட்டோம். இந்தக் கார்கள் சத்தமில்லாமலே ஓடும் நிலையில் இருக்கும்; டாஷ்போர்டில் 'ரெடி' விளக்கு அணைந்ததா என்று அவசியம் பாருங்கள்.

மெக்கானிக் காட்டினார்: 12 வோல்ட் பேட்டரியின் முனையில் உப்புக்காற்றால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, இணைப்பு தளர்ந்து, வயரின் உறை இளகியிருந்தது. கடலோரத்தில் இருப்பவர்கள் இதை அடிக்கடி கவனிக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் அந்தப் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பல மாடல்களில் பின் சீட்டருகே, மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத்துளை இருக்கும். அதைத் துண்டு, பை வைத்து அடைக்காதீர்கள். ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே கூடாது, அவற்றில் உயர் மின்னழுத்தம். புகை வந்தால் தள்ளி நின்று 112-ஐ அழையுங்கள்.