டி-ஷர்ட்டில் பிரிண்ட் போடுவது எப்படி? வீட்டு மேசையிலிருந்தே தொடங்கலாம்

பிரிண்ட் போடக் கற்றுக்கொள்ள வருபவர்கள் டிசைனோடுதான் வருவார்கள். நான் முதலில் கேட்பது துணியைப் பற்றி. காட்டனா பாலியஸ்டரா, என்ன நிறம், எத்தனை உருப்படி? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் எந்த முறை என்பது பாதி முடிவாகிவிடும்.

ஒரே ஒரு சட்டை, அதில் கலர் போட்டோ வேண்டும் என்றால் டிடிஎஃப். படத்தை ஃபிலிமில் அச்சடித்து, பசைத்தூள் தூவி உருக்கிக் கொடுப்பார்கள். சூட்டோடு அழுத்தும் மெஷினான ஹீட் பிரஸ்ஸில் 150, 160 டிகிரி சூட்டில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி, ஃபிலிமை உரித்தால் சரி. எந்தத் துணியிலும், எந்த நிறத்திலும் ஒட்டும். ஆனால் படம் பெரிதாக இருந்தால் அந்த இடத்தில் காற்றுப் புகாது, வியர்த்துக் கொட்டும். பெயரும் ஜெர்சி நம்பரும் மட்டும் போதுமென்றால் வினைல், அதாவது எழுத்தாக வெட்டிச் சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் ஷீட்; இடவலம் மாற்றி வெட்ட வேண்டும், மறந்தால் ஷீட் வீண். டிடிஜி என்பது காட்டன் துணிமேல் நேரடியாக மை தெளிக்கும் பிரிண்டர். மெஷின் விலை லட்சங்களில் என்பதால், வெளியே கொடுத்து வாங்குவதே நமக்குக் கட்டுப்படியாகும்.

சப்ளிமேஷன் வெளிர் நிறப் பாலியஸ்டருக்கு மட்டும். பேப்பரில் அச்சடித்த படத்தின் சாயம் சுமார் 200 டிகிரியில் ஆவியாகி இழைக்குள்ளேயே போய்விடும். சூட்டில் சாயம் நகரும் என்பதை நான் வேறு வழியில் கற்றேன். ஒரு கிரிக்கெட் டீமுக்குச் சிவப்புப் பாலியஸ்டர் சட்டையில் வெள்ளை எழுத்து போட்டு, நன்றாகச் சூடுகாட்டிக் கொடுத்தேன். இரண்டு நாளில் எழுத்தெல்லாம் ரோஸ். சட்டையின் சாயம் மேலேறி வெள்ளையைத் தின்றுவிட்டது. பதினைந்து சட்டையும் என் கணக்கில் போயிற்று.

இருபது, முப்பது காட்டன் சட்டை, ஒரே நிறம் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்தான்; டிசைன் மட்டும் திறந்திருக்கும் வலை வழியே மையைத் துணிமேல் இழுப்பது. வீட்டிலேயே செய்யலாம். வெளிர் நிறச் சட்டையில் தொடங்குங்கள். கறுப்புச் சட்டையில் சாதா பிக்மென்ட் மை (நிறத்தூள் கலந்த தண்ணீர் மை) தெரியாது. ப்ளைன் சட்டை மொத்தமாக வேண்டுமென்றால் திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு சுற்று சுற்றலாம்.

1. டிசைனை அடர் கறுப்பில் ஃபிலிம் ஷீட்டில் எடுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கறுப்புக்குள் ஒளி தெரியக் கூடாது.

2. அங்குலத்துக்கு 110 இழை உள்ள வலை கட்டிய ஃப்ரேமில் எமல்ஷனை (வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு) மெல்லிசாக இழுத்து, இருட்டறையில் காயவிடுங்கள். பைக்ரோமேட் என்ற ரசாயனம் கலக்கும் பழைய வகை எமல்ஷன் நஞ்சு. ரெடிமேடாக வருவதை வாங்குங்கள், அப்போதும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

3. ஃபிலிமை ஃப்ரேமின் வெளிப்பக்கம், அதாவது துணியில் படும் பக்கம் வைத்து, மேலே கண்ணாடி போட்டு வெளிச்சம் காட்டுங்கள். ஃப்ரேமுக்குள்ளிருந்து பார்த்தால் எழுத்து நேராகத் தெரிய வேண்டும். எத்தனை நிமிடம் என்பது எமல்ஷனையும் விளக்கையும் பொறுத்தது. ஒரு சின்னத் துண்டில் சோதித்துவிட்டே இறங்குங்கள்.

4. தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகி நிற்கும், கறுப்பு மறைத்த இடம் கரைந்து வலை திறக்கும். காய்ந்ததும் ஓரங்களுக்கு டேப்.

5. சட்டைக்குள் அட்டை நுழைத்து, சுருக்கமில்லாமல் மேசையில் விரியுங்கள். இல்லாவிட்டால் மை முதுகுப்பக்கமும் இறங்கும். ஃப்ரேமின் நான்கு மூலைக்கு அடியிலும் இரண்டிரண்டு நாணயம் அடுக்கி வையுங்கள். வலை துணியில் படியாமல் கொஞ்சம் தூக்கி நின்றால்தான், இழுத்து முடித்ததும் சட்டென்று விலகும், ஓரம் கசியாது.

6. பைண்டர் (நிறத்தைத் துணியில் பிடிக்க வைக்கும் பசை) கலந்த பிக்மென்ட் மையை ஒரு ஓரத்தில் ஊற்றி, மை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியைச் சாய்த்துப் பிடித்து ஒரே சீராக இழுங்கள். பாதியில் நிறுத்தினால் அங்கே ஒரு கோடு விழும். முதல் நான்கைந்து பிரிண்ட் பனியன் வேஸ்ட் துணியில் போகட்டும். கை பழகும் வரை சட்டையைத் தொடாதீர்கள்.

7. மை காய்ந்தபின் சூடு. புதியவர்கள் அவசரப்படுவது இங்கேதான். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மை பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை. பிக்மென்ட்டுக்கு 150 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நிமிடம் தேவை. பிரிண்ட்மேல் காட்டன் துணி போட்டு, நீராவி இல்லாமல் இஸ்திரிப் பெட்டியை நகர்த்தி நகர்த்தி எல்லா இடத்துக்கும் அந்தச் சூட்டைக் கொடுங்கள். பிளாஸ்டிசால் எனும் பிளாஸ்டிக் வகை மை என்றால் இஸ்திரிப் பெட்டி போதாது, மையின் முழு கனத்துக்கும் 160 டிகிரி ஏற வேண்டும்.

மறுநாள் ஒரு சட்டையை மட்டும் துவைத்துப் பாருங்கள். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்து நிறம் ஏறினால், மீதிச் சட்டைகளுக்கும் இன்னொரு முறை சூடு கொடுத்துவிட்டு டெலிவரி செய்யுங்கள்.

ஆங், ஸ்கிரீன்! கடைசிச் சட்டையை எடுத்த கையோடு, காபிக்குக்கூடப் போகாமல் அதைக் கழுவுங்கள். வலைக்குள் பிக்மென்ட் காய்ந்துவிட்டால் அப்புறம் எந்தத் தண்ணீருக்கும் அசையாது.