ஸ்வாப்பினஸை 10 ஆக்கிப் பாருங்கள்

லினக்ஸ் கணினியில் ஸ்வாப்பினஸ் அளவை (ராமில் இருப்பதை, பொதுவாக டிஸ்கில் இருக்கும் ஸ்வாப் பகுதிக்கு எவ்வளவு தாராளமாகத் தள்ளலாம் என்று சொல்லும் எண்) வழக்கமான 60-லிருந்து 10-க்குக் குறைத்துவிடுங்கள். சிஸ்சிடிஎல் கட்டளையில் மாற்றினால் உடனே அமலாகும், ஆனால் ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும் என்பதால் அதன் அமைப்புக் கோப்பிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். எண் பெரிதாக இருந்தால், பெரிய கோப்பு எதையாவது காப்பி செய்யும்போது அதற்கு ராமில் இடம் பிடிக்க, சும்மா கிடக்கும் பிரௌசர் டேபை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஸ்வாப்புக்குத் தள்ளிவிடும், அப்புறம் அந்த டேபைத் தொட்டால் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓட நாம் காத்திருக்க வேண்டியதுதான். 10 என்றால் பெரும்பாலும் கோப்பு கேஷைத்தான் (கோப்புகளுக்கு ராமில் வைத்திருக்கும் நகல்களை) முதலில் காலி செய்யும்.

ராமே 2 ஜிபிதான் என்றால் பெரிய பலன் இருக்காது. இசட்ராம் வைத்திருப்பவர்கள் குறைக்கவே வேண்டாம். அங்கே ஸ்வாப்பே ராமுக்குள் சுருக்கி வைக்கப்படுவதால் 100-க்கு மேல் வைப்பதுதான் சரி.